மூணுக்கு அப்புறம்

“ஒன்னு… ரெண்டு… மூணு…” என்றார் பறை வாசிக்கும் சின்னப்பையன். பெட்டி எழவில்லை. ஆறு பேரும் கைப்பிடியைப் பிடித்தபடி, யாரோ எதையோ சொல்லக் காத்திருப்பவர்கள் மாதிரி அசையாமல் நின்றார்கள். பிறகு, யாரும் எதுவும் சொல்லாமலே, ஒரே சமயத்தில் தூக்கினார்கள். கலையரசி வழி விட்டு ஒதுங்கினாள்.

தூக்கியவர்கள் எல்லாரும் பாட்டுக்காரர்கள். காஞ்சிபுரத்தில் மேடை ஏறியவன் எவனுக்கும் மூணுக்கு அப்புறம் நின்றுதான் பழக்கம். எல்லாம் பெட்டிக்குள் படுத்திருந்த அவள் அப்பா கிறிஸ்டோபர் செய்த வேலை. அவரும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்த ‘பாலாறு பாய்ஸ்’ எண்பத்தேழில் ‘கரண்ட் வரட்டும்’ என்று ஒரு கேசட் போட்டார்கள். கிடாரும் பறையும் ஒன்றாக முழங்கிய அந்தக் கேசட், சினிமாப் பாட்டைத் தவிர வேறு பாட்டே இல்லை என்றிருந்த ஊரை ஒரே கோடையில் புரட்டிப் போட்டது. இன்றைக்கும் திருவிழாக் கச்சேரியோ, சர்ச் பாடகர் குழுவோ, ஏனாத்தூர் காலேஜ் பசங்களின் பேண்டோ, மூன்று வரை எண்ணி, நாலாவதை வெறுமனே விட்டுத்தான் பாட்டை எடுப்பார்கள். ஸ்டைல் என்று நினைப்பு.

ஸ்டைலாவது மண்ணாவது. மூன்று வரை கிறிஸ்டோபர் சொல்வார், நாலைச் சொல்வது டிரம்ஸ் வாசித்த ஆனந்தகுமாரின் குச்சி. பதிவுக்கு முந்தின வாரம் ஆனந்தகுமார் தாமல் ஏரிக்குக் குளிக்கப் போனவன், பிணமாகத்தான் வந்தான். மற்ற அடிகளையெல்லாம் சின்னப்பையன் பறையிலேயே சமாளித்துவிட்டார். நாலாவதை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று கிறிஸ்டோபர் ஒற்றைக் காலில் நின்றார்.

ஒரே பிள்ளையான கலையரசிக்கு இந்தக் கதை மனப்பாடம். பார்த்தேயிராத ஆனந்தகுமாரைச் சித்தப்பா என்றுதான் சொல்வாள். அவளை இப்போது அரித்தது வேறு. நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில், “டீ குடிக்கணும் போல இருக்குதுமா” என்றார் அப்பா. கீழே போய் வாங்கிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமலா அந்த உயிர் போனது? தேவன் கூட இருந்தாரென்று பாஸ்டர் சொன்னார். அது அவளுக்குப் போதவில்லை. ஒரு டீக்காகப் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

பெட்டியை வண்டியில் ஏற்றிய பிறகுதான், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஜெயம்மாள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

“பஸ்ஸ விட்டுட்டேன்மா. முகத்தப் பாக்கக் குடுத்து வைக்கல.”

“பரவால்லமா. உசுரு போறப்ப நான் மட்டும் பாத்தேனா? தனியா வுட்டுட்டுப் போயிட்டேன்.”

“தனியாவா? யாரு சொன்னது? நீ கீழ எறங்குனதும் ஒரு தம்பி வந்து உக்காந்துச்சே! உங்கப்பாரு அந்தத் தம்பியப் பாத்து ஒன்னு, ரெண்டு, மூணுங்கறாரு. அது கட்டில் கம்பியில ஒரு தட்டு தட்டுது. திரும்பச் சொல்றாரு, திரும்பத் தட்டுது. ரெண்டு பேரும் சிரிச்சுக்கினே இருந்தாங்க. எனக்கு இந்தப் பாட்டு கூத்தெல்லாம் தெரியாது, ஏதோ வெளையாட்டுன்னு வுட்டுட்டேன். உன் தம்பிதான?”

கலையரசி வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வீட்டு வாசலில் நல்ல வெயில்.

“இல்லமா. எங்க சித்தப்பா.”

“சித்தப்பாவா? இருவது வயசுக்கு மேல சொல்ல முடியாதே! தலைகூடத் துவட்டாம ஈரமா வந்துச்சு. நாந்தான் துண்டு குடுக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுடுச்சு.”

கலையரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

வண்டிக்குள் பெட்டியின் இரண்டு பக்கமும் பெஞ்சு. ஆட்கள் நெருக்கியடித்து ஏறினார்கள். காலேஜ் பையன் பாலாஜி கிடாரோடு கடைசியாக ஏறி, தலைமாட்டில் கலையரசிக்குப் பக்கத்தில் கைப்பை மட்டும் இருந்த இடத்தைப் பார்த்தான்.

“அக்கா, இங்க உக்காரட்டுமா?”

“அங்க வேணாம்பா, ஆளு இருக்கு. அந்தப் பக்கம் கொஞ்சம் ஒட்டி உக்காரு.”

வண்டி செவிலிமேட்டைத் தாண்டியது. கலையரசி அந்த இடத்தில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.