முதல் கிடை

மே தினக் கிராம சபைக்கு மணவாளன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். ஆரம்பாக்கத்துக்கு மேற்கே இருந்த அந்த ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முன்வரிசையில் முதல் நாற்காலி அவருடையது. அவர் அப்பாவுக்கும் அப்படித்தான். யாரும் எழுதி வைத்ததில்லை. வேறு யாரும் அதில் உட்கார்ந்ததும் இல்லை.

வாசலில் மனைவி கனகாம்பாள் மறித்தாள்.

"இன்னிக்கு மேய்க்கால் விஷயம் வருதாமே?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினே வாயை மூடிகினு குந்தியிருப்பீங்களா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். மேய்க்கால் விஷயத்தில் அவர் சொல்லியிருந்த பொய் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

மேய்க்கால் என்பது ஊருக்குப் பொதுவான அறுபது ஏக்கர் புல்வெளி. ஆண்டுதோறும் நவரை நெல் அறுப்பு முடிந்ததும் பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து துளசிராமன் முந்நூறு செம்மறிகளை நடத்திக்கொண்டு வருவார். பகலில் மேய்க்காலில் மேய்ச்சல். ராத்திரி ஒரு வயலில் மந்தையைப் படுக்கவிட்டுக் கிடை மடக்கினால் அந்த வயலுக்கு அதுவே எரு. புல்வெளியைக் கண்ணாலேயே பத்துத் துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் இரண்டு நாளுக்கு மேல் மந்தையை விடமாட்டார் அவர். "பாதி ஆட்டுக்கு, பாதி மண்ணுக்கு நைனா" என்பார். கடைசித் துண்டு முடிவதற்குள் முதல் துண்டில் கொழுக்கட்டைப்புல் துளிர்த்திருக்கும். வழியில் தென்படும் சீமைக்கருவேலங் கன்றை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் நகர்வார்.

முதல் கிடை மணவாளன் வயலில்தான். அது தாத்தா காலத்து மரியாதை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அவர் வயலுக்குப் போனபோது, மந்தை பக்கத்து அன்புராஜ் வயலில் படுத்திருந்தது. மணவாளனுக்குக் காது மடல் சுட்டது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே டீக்கடைக்குப் போனார்.

"அந்த ஆட்டுக்கு அம்மை கண்டிருக்கு. நம்ம ஊரு ஆடு ஒண்ணு தங்காது."

அவர் சொன்னால் ஊர் நம்பும். ஒரு மணி நேரத்தில் மந்தையைத் துரத்திவிட்டார்கள். துளசிராமன் அவரிடம் ஓடிவந்து, "ஒரு ஆட்டைப் புடிச்சிப் பாத்துட்டு சொல்லுங்க நைனா" என்று கெஞ்சினார். மணவாளன் ரயில் போவதைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

வழியிலேயே ஒன்பது ஆடுகள் குட்டி போட்டிருந்தன, ஒரு வயல் தள்ளி நடக்க அவற்றுக்குத் தெம்பில்லை என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் சொன்ன சொல் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. திருப்பி வாங்கினால் குடும்பத்தின் பேச்சுக்கு மதிப்பிருக்காது என்று அவரே அவருக்குச் சொல்லிக்கொண்டார்.

அம்மைக்குப் பயந்து ஊராரும் தங்கள் ஆடுகளை மேய்க்காலுக்கு ஓட்டவில்லை. மேயாத புல் நின்றபடியே காய்ந்தது. காய்ந்த தாள் அடித்துளிரை மூடிச் சாகடித்தது. வெறுமையான இடமெல்லாம் சீமைக்கருவேலம். முன்பு புல்லில் தங்கி மெல்ல இறங்கிய மழை, இப்போது செம்மண்ணை அரித்துக்கொண்டு ஓடி ஊர் ஏரியைத் தூர்த்தது.

சபையில் தாலுகாவிலிருந்து வந்த அலுவலர் காகிதத்தைப் படித்தார். மூன்று ஆண்டுகளாக மேய்ச்சல் இல்லை. ஆகவே கணக்கில் தரிசாக மாற்றி, தொழிற்பேட்டை லாரிகள் நிறுத்தக் கொடுக்கலாம்.

"குடுங்க சார்" என்றான் அன்புராஜ். "ஆடுதான் இல்ல, லாரியையாவது கட்டி மேய்ப்போம். சாணிக்குப் பதிலா டீசல் ஊத்தும்."

கூட்டம் சிரித்தது. அலுவலர் சிரிக்கவில்லை. "மேய்ச்சல் நின்னதுக்குக் காரணம் இருந்தா சொல்லுங்க, பதிவு பண்றேன். இல்லன்னா கைவிட்ட நிலம்னுதான் போகும்."

"ஆட்டுக்கு அம்மை சார்" என்றது ஒரு குரல். "பெரியவரே பாத்தாரு."

எல்லாத் தலையும் முதல் நாற்காலிப் பக்கம் திரும்பியது. பெண்கள் வரிசையில் கனகாம்பாள் மட்டும் தரையைப் பார்த்தாள்.

மணவாளன் எழுந்தார்.

"அம்மை இல்ல. நான் பாக்கவும் இல்ல. பொய் சொன்னேன்."

அலுவலர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"ஏன் பெரிப்பா?" என்றான் அன்புராஜ்.

"உன் வயல்ல முதல்ல மடக்கிட்டான்னு."

"அதுக்கா? அதுக்காவா ஊரே பேஜாராவணும்? என்கிட்ட சொல்லியிருந்தா நானே ஓட்டிகினு வந்து உங்க வயல்ல உட்டிருப்பேனே!"

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

அலுவலர் அவர் சொன்னதை எழுதி நீட்டினார். கையெழுத்துக்கு மேலே தகப்பனார் பெயர் எழுத ஒரு கோடு. மணவாளனின் பேனா அங்கே நின்றுவிட்டது. பொய் சொன்னது அவர். அந்தத் தாளில் அப்பாவும் ஏறவேண்டும். அந்தப் பெயரை எழுதினார். அதன் கீழே தன் பெயரை. ஆடு மறுபடி வருகிறதா என்று ஒரு வருஷம் பார்த்து முடிவெடுக்கலாம் என்று சபை தீர்மானித்தது. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போய்க் கதவோரம் நின்றார்.

மறுநாள் பஸ் மாறி மாறிப் பள்ளிப்பட்டுக்குப் போனார். துளசிராமன் உட்காரச் சொல்லவில்லை.

"ஊர் முன்னாடி சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அன்னிக்குத் துரத்தினதுல ஏழு குட்டி செத்துச்சி நைனா. ரோட்டோரமே பொதைச்சேன்."

மணவாளன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"முள்ளை வெட்டி வையுங்க" என்றார் துளசிராமன் கடைசியில். "புல்லு வந்தா நானும் வரேன்."

மணவாளன் ஆள் வைத்து வெட்டினார், தானும் வெட்டினார். அடுத்த சித்திரையில் எண்பது ஆடுகளோடு மட்டும் மந்தை வந்தது. மேய்க்காலில் அங்கங்கே திட்டுத்திட்டாகப் புல் தலைகாட்டியிருந்தது. துளசிராமன் ஒரு திட்டில் மேயவிட்டு, பாதியிலேயே ஓட்டிக்கொண்டு கிளம்பினார்.

பொழுது சாய, மணவாளன் தன் வரப்பில் நின்றிருந்தார். மந்தை அவரைக் கடந்தது. துளசிராமன் கேட்கவில்லை, நிற்கவுமில்லை. அன்புராஜ் வயலில் கிடை மடங்கியது.

ஒரு குட்டி மட்டும் பின்தங்கி வரப்பில் தடுமாறியது. மணவாளன் குனிந்து அதைத் தூக்கினார். மார்போடு அணைத்து, அடுத்தவன் வயலுக்குள் இறங்கி, தாயிடம் விட்டுவிட்டு வந்தார்.