அரை விரல்

எனக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும். பதினோரு வருடமாக என்னோடு வெல்டிங் பட்டறை நடத்தும் தளவாய்க்கு அது தெரியும். என் தங்கை விஜயராணியைக் கட்டியவன். நான் கையை ஓங்குவதற்குள் குனிந்துவிடுவான். என் அடியில் முக்கால்வாசி காற்றுக்கும் தகரத்துக்கும்தான் விழுந்திருக்கிறது. குனிந்த வாக்கில் ஒரு சிரிப்புச் சிரிப்பான், என் கோபமும் இறங்கிவிடும். தாராவியில் எங்கள் சண்டையை நின்று வேடிக்கை பார்க்கக்கூட ஆள் கிடையாது.

போன மாதம் அவன் பற்றவைத்த ஆட்டோ ஒன்று செம்பூர் சிக்னலில் வெல்டு விட்டுப்போய்க் கவிழ்ந்தது. டிரைவருக்குக் கால் முறிந்தது. அன்றைக்கு நாலு பேர் பார்க்கச் சொன்னேன்.

"இன்னொரு வெல்டு இப்படி வச்சேன்னா தங்கச்சி மாப்ளன்னு பாக்க மாட்டேன். இந்த வாசல மிதிக்கப்படாது."

தலையை மட்டும் ஆட்டினான். சிரிக்கவில்லை.

பிறகுதான் மாட்டுங்கா கௌசிக் சாரின் கார் வந்தது. ஐம்பது வருடப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், கூரை கிடையாது. கூரை இல்லாத வண்டியைத் தாங்குவதெல்லாம் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு இரும்புப் பெட்டிகள்தான். சேஸி ரயில் என்போம். இரண்டையும் துரு தின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆறு வயது மகளை ஏற்றிக்கொண்டு கண்டாலா மலை ஏற வேண்டும் என்றார் கௌசிக் சார். ரயிலை அறுக்கும்போது வண்டி நடுவில் மடங்காமலிருக்க, கதவு இடைவெளிகளில் ஆங்கிள் இரும்பு வைத்துக் கட்டினோம். இடது ரயிலில் அறுத்த இடத்துக்கு நான் இரும்பு பிளேட் வைத்துப் பற்றவைத்தேன். வலது ரயிலைத் தளவாயிடம் விட்டுவிட்டு வாஷியில் ஒரு கேட் வேலைக்கு மூன்று நாள் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை பகலில் வந்து பார்த்தால் வேலை முடிந்து கறுப்புப் பெயிண்டும் அடித்திருந்தான். சுத்தியலால் இடது ரயிலைத் தட்டினேன். கணீரென்றது. வலதைத் தட்டினேன். தகர டப்பா சத்தம். ஓங்கி ஒன்று போட்டதும் பிளேட் வாயைப் பிளந்தது. பெயிண்டைச் சுரண்டினேன். வெல்டு என்னவோ முத்துக் கோத்ததுபோல ஒரே சீராகத்தான் ஓடியிருந்தது. ஆனால் பிளேட்டின் விளிம்பிலிருந்து அரை விரல் தள்ளி, வெறும் ரயிலின் மேலேயே கடைசிவரை ஓடியிருந்தது. மூலைக்கொரு பொட்டு வெல்டுதான் பிளேட்டைப் பிடித்து வைத்திருந்தது.

மலைப்பாதையில் அந்த வண்டி மடங்குவது என் கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே அந்தப் பிள்ளை. உச்சந்தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது.

"என்னல இது? எவனக் கொல்லப் பாக்க?"

தளவாய் திரும்பினான். நான் இடதுகைக்காரன். விட்ட குத்து அவன் வலது கன்னத்தில் இறங்கியது. அவன் குனியவே இல்லை. என் முஷ்டியில் எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவனுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. அப்படியும் நின்றான். தப்பையும் செய்துவிட்டு, அடிடா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறானே என்றுதான் எனக்குப் பட்டது. சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து மறுபடியும் அதே இடத்தில் குத்தினேன். அப்போதும் குனியவில்லை. சுழன்று விழுந்தான். கதவிடத்தில் கட்டியிருந்த ஆங்கிளின் முனை அவன் இடது கண்ணில் ஏறியது.

அவன் போட்ட அலறலில் தெருவே ஓடி வந்தது. லேபர் கேம்ப் வீட்டிலிருந்து சாப்பாட்டோடு வந்துகொண்டிருந்த விஜயராணியும் ஓடி வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தூக்குவாளியால் என் தலையில் அடித்தாள். குழம்பு கண்ணெல்லாம் வழிய வழிய, வாளி நசுங்கும்வரை அடித்தாள். நான் கையைக்கூடத் தூக்கவில்லை.

"வலது கண்ணு போயி ரெண்டு மாசமாச்சு பாவி. இடது கண்ண வச்சுத்தான் அவிய வேல பாத்தாவ."

"ஏன்ல எங்கிட்ட சொல்லல?" என்று தரையில் கிடந்தவனைக் கேட்டேன்.

"சொன்னா உள்ள விட மாட்டியே மச்சான்." வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பினான். "விளிம்பக் கையால தடவிப் பாத்துத்தான் வச்சேன். எவ்வளவு விலகிட்டு?"

"அரை விரல்," என்றேன். என் கையை அந்தச் சுத்தியலாலேயே நசுக்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டாக்சியில் அவன் தலை என் மடியில் இருந்தது. முன் சீட்டில் விஜயராணி திரும்பிப் பார்க்காமல் அழுதுகொண்டு வந்தாள்.

"ஞாயித்துக்கிழம போகாண்டாம்னு கௌசிக் சார்ட்ட சொல்லிரு," என்றான் தளவாய். "அந்தப் பிள்ள வண்டியில வரும்."

சரி என்றேன். கன்னத்தில் வழிந்த ரத்தத்தைத் துடைக்க இடது கையைக் கொண்டுபோனேன். அவன் அசையவில்லை. மூக்கை இடிக்கும் தூரத்தில் கையை அப்படியே நிறுத்தி வைத்தேன். வீக்கத்துக்கு நடுவே இடது கண் பாதி திறந்துதான் இருந்தது. அது இமைக்கவே இல்லை.

"குனில மாப்ள," என்றேன்.

"ஏன் மச்சான், திரும்பவும் ஓங்கிட்டியா?" என்று கேட்டான்.