திரிந்த துளி

“ஒரு சொட்டுச் சுத்தமான ரத்தம் வெச்சிரிக்க ஏலாதாகா ஒனக்கு?”

பள்ளிக்கூட மதிலோரமாக உம்மா அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். முக்காடு நழுவியது; சுஹறா மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டே கூட ஓடினாள். பின்னால், மண்டப வாசலில், கொழும்பு டொக்டர் இன்னும் “ஸாலிஹா! ஸாலிஹா!” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸாலிஹா அவளுடைய ராத்தா, மூத்தவள். வீட்டிலிருந்தாள்.

எண்பத்திரண்டாம் வருஷ மாரி மழையில் ராத்தாவுக்குச் செங்கமாரி வந்து கண் மஞ்சளாய்ப் போனது. ஒரு வருஷம் கழித்து அது அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை மக்கீனின் உம்மா காதுக்கு எட்டிவிட்டது. செங்கமாரிக் கிருமி உடம்பில் ஒளிந்திருக்கிறதா என்று உடனேயே காட்டும் புதுச் சோதனையொன்றை டொக்டர்மார் கல்முனைக்குடியில் பரீட்சித்துக்கொண்டிருந்த நேரம். “அதில சுத்தம் எண்டு வந்தாத்தான் கலியாணம்” என்றாள் அந்த மனுசி, மகன் சுவர்க்கத்திலிருந்து நேரே இறங்கினவன் மாதிரி. புகையிலையில் பல் கறுத்த மக்கீனின் ரத்தத்தை எவரும் கேட்கவில்லை.

உம்மாவின் மூளை அதற்குமேல் போனது. ஒருநாளும் பாயில் விழாத சின்னவள் சுஹறாவை ராத்தாவின் பேரில் அனுப்பினாள். நாள் குறித்த பெண்ணின் முக்காட்டை யார் விலக்கச் சொல்லப்போகிறார்கள்?

மண்டபத்தில் டொக்டர் சுஹறாவின் ரத்தத்தைத் தெளியவைத்து, ஒரு துளியைக் கறுப்புக் கண்ணாடியில் விட்டு, பால் போன்ற எதையோ சேர்த்து ஆட்டினார்; கிருமி இருந்தால் அது திரியுமாம். மற்றவர்களின் துளிகள் பாலாகவே கிடந்தன. அவளுடையது மட்டும் திரிதிரியாய் முறிந்தது. கடைசியில் ஒன்றாவது திரிந்ததே என்று அந்தப் படித்த முகத்தில் அப்படியொரு சந்தோஷம்! பிறகுதான் அவளைப் பார்த்தார். “பயப்படாதீங்க ஸாலிஹா. புதுச் சோதனை, பிழையும் விடும். நாளைக்கு இன்னொருக்கா ரத்தம் தாங்க.” அவள் வாசலுக்கு ஓடி, காத்து நின்ற உம்மாவிடம் திரிந்ததைச் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பெரிய சஹன் தட்டில் சோற்றைக் கொட்டும்போது உம்மாவுக்குப் புத்தி தெளிந்துவிட்டது.

“நாளைக்கு ஸாலிஹாவே போகட்டும். சுத்தம் எண்டு வந்தா, நேத்து அந்தப் பால் பொய் சொல்லிட்டு எண்டு அவரே எழுதிருவாரு. கோட்டுப் போட்ட மடயன்!”

“ராத்தாக்கும் திரிஞ்சா?”

“வாயப் பொத்துகா.”

“அப்ப எனக்கு, உம்மா? என்ட ரத்தத்துக்குள்ள அது இரிக்கிதானே?”

“ஒனக்கென்ன? ஒன்ட பேர எவன் கேட்டான்?”

ராத்தா, மூன்று பேரும் கைவைத்துச் சாப்பிடும் சஹனிலிருந்து தன் பங்குச் சோற்றை மட்டும் அள்ளி, வேறொரு பீங்கானில் போட்டுக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இவளுக்காகத்தானே போய்க் கையை நீட்டினேன் என்று சுஹறா அள்ளிய பிடியைச் சஹனிலேயே விட்டாள்.

சஹனில், சோறு அள்ளிய இடம் வெள்ளையாய்ப் பளபளத்தது. நாளைக்கு ராத்தாவின் துளி பாலாகவே கிடந்தால் சோதனை பொய்யாகிவிடும், கலியாணமும் நடந்துவிடும். அதற்குப் பிறகு, தன் ரத்தம் ஏன் திரிந்தது என்று சுஹறா எவரிடம் போய், யாருடைய பேரில் கேட்பது?