வராமல் பெற்றவர்

அழைப்பிதழில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் எது அச்சாகியிருக்கிறதோ, அதுவும் கல்யாணத்துக்கு வந்தாக வேண்டும் என்பது அந்த மாவட்டத்து வழக்கம். தணிகைமணி, பி.காம்., தனியாக வந்திருந்தார். அதனால் மண்டப வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

“தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள,” என்றார் பெண்ணின் அப்பா கலியபெருமாள். “நானூறு பத்திரிகை வெச்சிருக்கேன். பி.காம். இல்லாம உங்கள மட்டும் எப்படி மணையில உக்கார வைக்கிறது? ஒன்பதரைக்குள்ள கூட்டிட்டு வந்துருங்க. இல்லன்னா முகூர்த்தம் போயிரும்.”

மதுரவாணிக்காக ஆறு ஆண்டுகள் காத்திருந்தவர் தணிகைமணி. உடனே கிளம்பினார்.

பல்கலைக்கழகம் மண்டபத்துக்குப் பின்னால், கை கழுவும் இடத்தைத் தாண்டி இருந்தது. நடக்க நடக்க அதன் தாழ்வாரம் நீண்டது. இருபுறமும் கறுப்பு அங்கி அணிந்தவர்கள், வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று நின்றிருந்தார்கள். சிலருடைய தாடி அங்கியைவிட நீளமாக இருந்தது.

சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் பதிவேட்டைப் புரட்டினாள்.

“பட்டமளிப்பு விழாவுக்கு வராமலே பட்டம் வாங்கிக்கிறேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க.”

“ஆமாங்க மேடம். அன்னிக்கு வேலை இருந்துச்சு.”

“என்ன வேலை?”

“வேலை தேடுற வேலை.”

அதையும் குறித்துக்கொண்டாள்.

“வராதவங்களுக்குத்தான் இந்தச் சான்றிதழ். நீங்க வந்துட்டீங்களே.”

“அப்ப போயிடட்டுமா?”

“போயிட்டா யார் கையில குடுக்கிறது?”

நியாயமாகத்தான் இருந்தது. கல்லூரியில் மூன்று ஆண்டுகளாக யாரும் எதையும் அவருக்கு இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

“ஒன்பதரைக்குக் கல்யாணம் மேடம்.”

“அதுக்கும் அதே மாதிரி எழுதிக் குடுத்துடுங்க. படிவம் ஒண்ணுதான். சான்றிதழ் தானா மண்டபத்துக்கு வந்துரும்.”

நேரமில்லை. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். தேர்வுகளையும் அவர் அப்படித்தான் முடித்திருந்தார்.

திரும்பி வந்தபோது கெட்டிமேளம் ஓய்ந்திருந்தது. மதுரவாணியின் கழுத்தில் தாலி இருந்தது. பக்கத்து மணையில், சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று மாலையோடு சாய்ந்திருந்தது. மதுரவாணி நிமிர்ந்து தணிகைமணியைப் பார்த்தாள். பிறகு சான்றிதழைப் பார்த்தாள். அதன் மாலையைச் சரிசெய்தாள்.

கலியபெருமாள் கைகூப்பி வந்தார்.

“வாங்க, வாங்க. நீங்க மாப்ள வீடா?”

“ஆமா.”

“நல்ல இடம். மாப்ள அதிர்ந்து ஒரு வார்த்தை பேசல. இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்.”

தணிகைமணி இரண்டாம் பந்தியில் சாப்பிட்டார். வாசலில் தாம்பூலப் பை கொடுத்தார்கள். மணமக்கள் பெயர் அச்சடித்திருந்தது.

மதுரவாணி – பி.காம்.