தொடாமல் எழுப்புவது

அன்று ஈஸ்வரன் கோயிலில் மருதாம்பாள் வீட்டு முறை. மார்கழியில் எஸ்டேட்டில் நாளுக்கு ஒரு குடும்பம் விடியுமுன் போய், மூடிய நடைக்கு வெளியே நின்று திருப்பள்ளியெழுச்சி பாட வேண்டும். பாடி முடித்த பிறகே கதவும் மணியும் விளக்கும்.

போன வருஷம் வரை அவள் கணவன் குமாரசாமிதான் பாடினான். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியைப் பூட்டியபோது அவனுடைய கிளார்க் வேலையும் போயிற்று. அதிலிருந்து பாட்டு இல்லை. படுக்கையை விட்டு எழுவதே அபூர்வம். குன்னூரில் ஒரு தேயிலை ஏலக் கம்பெனியில் அவள் அண்ணன் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். இன்று காலை போய் நிற்காவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். இரவெல்லாம் கெஞ்சியும் திட்டியும் ஓய்ந்துபோய்க் கோயிலுக்கு வந்திருந்தாள் மருதாம்பாள்.

அந்த அசதியில் பாட்டை மறந்து, நேராகக் கதவைத் திறந்து மணியை அடித்துவிட்டாள்.

"ஏன் மருதா, சாமியையும் போர்வைய உருவித்தான் எழுப்புவியாக்கும்?" என்றாள் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள். கூட வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

கதவைச் சாத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து பாடினாள். பாடும்போது, குமாரசாமி போன மார்கழியில் இதே பெண்களுக்கு விளக்கியது நினைவுக்கு வந்தது. பள்ளி என்றால் படுக்கை. சாமிக்கு முன்னால் இது அரசர்களுக்கு இருந்த வழக்கம். போரில் களைத்துப் பாசறையில் உறங்கும் மன்னனை யாரும் தொடமாட்டார்கள். சூதர் என்ற பாடகர்கள் வெளியே நின்று, பொழுது விடிந்ததையும் வாசலில் காத்திருப்பவர்களையும் பாடிச் சொல்வார்கள். எழுவது அவன் பாடு.

வீட்டில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். போர்வையை உருவ நீண்ட கையை மருதாம்பாள் இழுத்துக்கொண்டாள். அறை வாசலுக்கே திரும்பி வந்து நின்றாள்.

"ஏனுங்க, விடிஞ்சிருச்சுங்க. கேத்தியிலிருந்து வர்ற கேரட் லாரியெல்லாம் போயிருச்சு. எங்கண்ணன் குன்னூர் பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டிருப்பான். நானும் இங்கதானுங்க நிக்கறேன்." கால் மாற்றி நின்று சொன்னாள்: "எனக்குக் கால் வலிக்குதுங்க."

கடைசி வரி எந்தப் பள்ளியெழுச்சியிலும் கிடையாது.

வளைவில் முதல் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அவள் கதவு நிலையில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கண் செருகியது.

தண்ணீர் சத்தத்தில் விழித்தாள். ஜன்னலருகே கண்ணாடியை வைத்து அவன் சவரம் செய்துகொண்டிருந்தான்.

"மருதா, வெள்ளச் சட்ட எங்க?"

உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் காட்டினாள். "கொடியிலதானுங்க. இஸ்திரி போடலைங்க."

"இருக்கட்டும். ஸ்வெட்டர் போட்டா ஆருக்குத் தெரியப் போவுது."

அடுத்த பஸ்ஸுக்கு அவன் படியிறங்கும் ஓசை கேட்டது. வாசல் வரை போய் அனுப்ப வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தபடியே உறங்கிப்போனாள்.