ரோபோவின் தலைக்குள் காற்றும் குரலும்

நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பத்தொன்பது வருட சர்வீஸ். ஃபிரிட்ஜின் முதுகில் கை வைத்தாலே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். இனிமேல் சொல்லப்போவது முழுக்க என் மானம் போன கதை என்பதால், முதலிலேயே கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

என் அக்கா நாடக நடிகை. எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்து ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது. கூடவே குரலும் போய்விட்டது. மிச்சம் இருப்பது மூன்றடி தூரம் மட்டும் கேட்கும் ஒரு காற்றுக் குரல். வேறு யாராக இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இவளோ அதே குழுவில் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, வசனத்தை மறக்கும் நடிகர்களுக்கு எடுத்துக்கொடுக்கும் ஆளாகிவிட்டாள். மூன்றடி கேட்டால் போதுமே அந்த வேலைக்கு. ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் நடிகர்களிடம் "கேட்டுச்சா?" என்று கேட்பாள். "கேட்டுச்சுக்கா" என்பார்கள். அதைக் கேட்டபிறகுதான் செருப்பை மாட்டுவாள்.

இந்த வருடம் குழந்தைகளுக்கு ஒரு விண்வெளி நாடகம் போட்டார்கள். அதில் ஒரு ரோபோ. அதன் தலை கண்ணாடி இழையால் செய்தது, ஒரு குடம் அளவுக்கு இருக்கும். அதை மாட்டிக்கொண்டு வேக யாரும் தயாராக இல்லை. அக்கா கையைத் தூக்கினாள்.

"நீங்க கை காலை ஆட்டினா போதும்மா. வசனத்த வேற பொண்ணு பேசி ரெக்கார்டு பண்ணியாச்சு" என்றார் டைரக்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என் கடைக்கு வந்தாள். பழுதான ஃபிரிட்ஜுகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ரோபோவின் தலையைத்தான்.

"இதுக்குள்ள ஒரு மைக்கும் ஸ்பீக்கரும் வெச்சுத் தர முடியுமாடி? நானே பேசணும்."

"மைக்குதான் நாடகக் கொட்டகையில நிறைய இருக்கே. இத்தன நாளா கேக்கலையே?"

"மனுஷ வேஷத்துக்கு என் குரல மைக்குல விட்டா பேய் பேசற மாதிரி இருக்கும்னு டைரக்டர் சொல்லிட்டாரு. ரோபோவுக்கு அப்படித்தானடி இருக்கணும்?"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எட்டு வருடத்தில் அவள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. "ஒரு வாரம் குடு" என்றேன், என்னவோ தினமும் ரோபோ தலை ரிப்பேர் பார்க்கிறவள் மாதிரி.

முதலில் காற்று. பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளிலிருந்து உள்ளங்கை அளவு விசிறிகள் இரண்டைக் கழற்றினேன். இரண்டையும் உள்ளே காற்றடிக்கும்படி வைத்ததில் முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, அக்கா கடைச் சுவரில் போய் முட்டிக்கொண்டாள். பிறகு ஒன்றைத் தாடைக்குக் கீழே வைத்துக் காற்றை இழுக்கவிட்டேன், இன்னொன்றை உச்சியில் வைத்து வெளியே தள்ளவிட்டேன். சுற்றுகிறதா என்று பார்க்க உச்சித் துளையில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டினேன். விசிறி ஓடினால் ரிப்பன் எழுந்து ஆடும். அதைப் பார்த்த டைரக்டர், "அழகா இருக்கே, அப்படியே இருக்கட்டும்" என்றார். என் வேலையில் அவர் பாராட்டியது அந்த ஒன்றரை முழ ரிப்பனை மட்டும்தான்.

அடுத்தது குரல். ஸ்பீக்கரை வாய்ப் பக்கம் வைத்தால் மைக் அதைப் பிடித்துக்கொண்டு 'கீ' என்று ஊளையிட்டது. ஃபிரிட்ஜ் கதவு ரப்பரையும் ஸ்பான்ஜையும் வைத்து நடுவில் சுவர் கட்டினேன். ஊளை நின்றது. ஒரே ஒரு வினை, தன் குரல் வெளியே எப்படிக் கேட்கிறது என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அக்கா பரவாயில்லை என்றாள்.

கடைசியாக ஒரு சண்டை. விசிறி ஓடும்போது பேசினால் புயலில் மாட்டிக்கொண்டவள் மாதிரி கேட்டது. காற்றா, குரலா, இரண்டில் ஒன்றுதான். ஆகவே தாடை படும் இடத்தில் ஒரு காலிங்பெல் பொத்தான் வைத்தேன். தாடையால் அழுத்தினால் விசிறி நின்று மைக் உயிர்பெறும். விட்டால் மைக் அடங்கி விசிறி சுற்றும். ஒத்திகையில் கனகச்சிதமாக வேலை செய்தது. நான் கடையில் நடக்கும் நடையே மாறிவிட்டது.

டைரக்டர் மட்டும் இறங்கிவரவில்லை. "முதல் ஷோ பேசட்டும்மா. ஒரு இடத்துல சொதப்பினாலும் ரெக்கார்டு ஓடும். அப்புறம் எல்லா ஷோவும் ரெக்கார்டுதான்" என்றார். அவருடைய லேப்டாப்பில் அந்தப் பென் டிரைவ் சொருகியே இருந்தது.

முதல் ஷோ சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. இரண்டே முக்காலுக்கு அக்கா தாடையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வாரமாகக் காலிங்பெல் பொத்தானை அழுத்தி அழுத்தி, தாடையில் நாவற்பழ நிறத்தில் காயம். அந்த நேரம் பார்த்துப் பொத்தானும் உள்ளே போய் மாட்டிக்கொண்டது.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். என் பையில் ஃபிரிட்ஜ் கதவு ஸ்விட்ச் ஒன்று இருந்தது. கதவு ஓரத்தில் இருக்குமே, உள்விளக்குக்கானது. வெண்ணெய் மாதிரி மெதுவாக அழுந்தும். ஐந்தே நிமிடத்தில் மாற்றினேன். ஆரம்ப மணி அடித்துவிட்டது. ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். 'டிக்' என்றது. அக்காவின் தலையில் கவிழ்த்து அனுப்பிவிட்டு, பெருமையாக மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அரங்கில் நானூறு பள்ளிக்கூடப் பிள்ளைகள். திரை விலகியது. விண்கப்பல். கேப்டன் வேஷம் போட்டவர் நெற்றியில் கை வைத்துத் தூரத்தைப் பார்த்தார். அவர் நல்ல நடிகர், ஆனால் வசனம் மட்டும் மண்டையில் தங்காது. எட்டு வருடமாக அக்காவின் வாயைப் பார்த்தே காலம் தள்ளியவர். இன்றைக்கு அக்கா மேடையில் இருப்பதால் பக்கத் திரைக்குப் பின்னால் யாரும் இல்லை.

அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், ரோபோவின் தலையிலிருந்து கரகரவென்று ஒரு குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் பெல்ட்ட போடுங்க. நாம வழி தவறிட்டோம்."

கேப்டன் திருதிருவென்று முழித்தார். பிறகு, வேறு வழியில்லாமல், "எல்லாரும் பெல்ட்ட போடுங்க. நாம வழி தவறிட்டோம்" என்றார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"ரோபோ, நாம இப்ப எங்க இருக்கோம்?" என்றது ரோபோ.

"ரோபோ, நாம இப்ப எங்க இருக்கோம்?" என்றார் கேப்டன்.

இப்போது ரோபோ பதில் சொல்ல வேண்டும். அது கையை உயர்த்தியது, தலையைச் சாய்த்தது, வானத்தைக் காட்டியது. ஒரு சத்தமும் இல்லை. உச்சியில் சிவப்பு ரிப்பன் மட்டும் ஜம்மென்று எழுந்து ஆடியது. கை இறங்கியது, ரிப்பன் படுத்தது, அதே நொடியில் குரல் வந்தது.

"என்ன இது, பேசினா காத்து வருது, பேசாட்டி வேகுது. என் தங்கச்சி என்னமோ கோளாறு பண்ணித் தொலச்சிட்டா."

"டேய், ரோபோவுக்குத் தங்கச்சி இருக்காம்டா!" என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான். அரங்கமே அதிர்ந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபிரிட்ஜ் கதவு மூடி ஸ்விட்ச் அழுந்தினால் உள்ளே விளக்கு அணையும். திறந்து ஸ்விட்சை விட்டால் எரியும். காலிங்பெல்லுக்கு நேர் தலைகீழ். பத்தொன்பது வருடமாகத் தினமும் கையால் தொடுகிற சங்கதி. இதை மறந்த மெக்கானிக் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். இப்போது அக்கா தாடையால் அழுத்தினால் குரல் சாகும், விட்டால் உலகத்துக்கே கேட்கும். பழக்க தோஷத்தில், மூன்றடியைத் தாண்டி யாருக்கும் கேட்காது என்ற நம்பிக்கையில், கேப்டனுக்கு அவள் எடுத்துக்கொடுத்த வசனமெல்லாம் நானூறு பேருக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிள்ளைகளின் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு மேடைப் பக்கத்துக்கு ஓடினேன். டைரக்டரின் விரல் லேப்டாப் மேல் தயாராக இருந்தது.

"சார், சார், ரெண்டு நிமிஷம் குடுங்க!"

"ரெண்டு நிமிஷமா? கப்பலோட சேந்து என் நாடகமே வழி தவறிப்போச்சும்மா!"

"தப்பு என்னுது சார். நான்தான் ஸ்விட்ச மாத்திப் போட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவள நிறுத்திடாதீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, "அவங்களோட அடுத்த வசனம் வரைக்கும்" என்றார். விரலை மட்டும் எடுக்கவில்லை.

பக்கத் திரை ஓரத்தில், அக்கா வழக்கமாக நிற்கும் அதே இடத்தில் நின்று, தாடையைத் தொட்டுக் காட்டி, இரண்டு கையாலும் 'வேண்டாம், வேண்டாம்' என்று ஆட்டினேன். ரோபோவின் கண்ணாடி வழியே நேர் எதிரில் இருப்பது மட்டும்தான் தெரியும். கேப்டன்தான் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் தாடையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் அக்காவுக்கு என் உதவி எதுவும் தேவைப்படவில்லை. எட்டு வருடம் இருட்டில் நின்று, எந்த வசனத்துக்கு எப்போது சிரிப்பு வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தவள் அவள். இன்றைக்குக் கேப்டன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சிரிப்பு வருகிறது. அது எப்படி? ரோபோ மேடையின் நடுவுக்கு வந்து நின்றது. ரிப்பன் அசையவில்லை.

"ஒண்ணு" என்றது. அரங்கம் அடங்கியது.

"ரெண்டு."

கேப்டனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்படி ஒரு வசனம் நாடகத்தில் எங்கேயும் இல்லை.

"மூணு" என்று சொல்லிவிட்டு ரோபோ நிறுத்திக்கொண்டது.

"நாலு!" என்று நானூறு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.

தாடையை எடுத்தால்தான் குரல் வெளியே போகிறது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் தோள் நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

"கேப்டன்," என்றது ரோபோ நிதானமாக, "நாம ஒரு விண்கல் கூட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டோம். இதக் கேட்டதும் நீங்க 'ஐயோ, காப்பாத்துங்க'ன்னு கத்தப்போறீங்க."

"ஐயோ, காப்பாத்துங்க!" என்றார் கேப்டன். நடிப்பே இல்லை, உண்மையான கத்தல்.

அதற்குப் பிறகு அரங்கத்தைப் பிடிக்க முடியவில்லை. யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த ரோபோ! கேப்டன் வாயைத் திறக்கும்போதெல்லாம் பிள்ளைகள் ரோபோவைத்தான் பார்த்தார்கள். டைரக்டர் விரலை எடுத்து, அதே விரலால் கண்ணில் வழிந்த சிரிப்பைத் துடைத்துக்கொண்டார்.

என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. காற்று இல்லாமல் அந்தத் தலைக்குள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடையில் பத்து நிமிடம் மாட்டிப் பார்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்து கழற்றி எறிந்தவள் நான். நாடகமோ இன்னும் முப்பத்தைந்து நிமிடம் பாக்கி. கேப்டனின் நீளமான வசனங்களின்போது அவள் தாடையை அழுத்துவாள், ரிப்பன் எழுந்து ஆடும், எனக்கும் மூச்சு வரும். பாதியில் அந்த மனுஷன் மறந்துபோய் நிற்பார். உடனே ரிப்பன் விழும். காற்றை விட்டுவிட்டு அவருக்கு வசனத்தைக் கொடுப்பாள். ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. அந்தக் கேப்டனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அவரைவிட என்னை.

கடைசிக் காட்சி. எஞ்சின் நின்றுவிடுகிறது. எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறார்கள். கேப்டனுக்கு இங்கே வசனம் இல்லை, ரோபோவுக்கு மட்டும்தான். அது மெதுவாக நடந்து முன்னால் வந்தது. நடையில் லேசான தள்ளாட்டம். அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

"என் பேட்டரிய எடுத்து எஞ்சின்ல மாட்டுங்க. நான் அப்புறமா முழிச்சுக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

நானூறு பிள்ளைகளிடம் ஒரு இருமல்கூட இல்லை. எட்டு வருடமாக அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வேறு யாரோ ஒருவர் வாய் வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது. இது ஒன்று அவளுடையது. நான் பக்கத் திரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

திரை மூடியதும் ஓடிப்போய்த் தலையைக் கழற்றினேன். அக்காவின் முகம் வெந்து சிவந்து, முடியிலிருந்து வியர்வை சொட்டியது. தண்ணீர் பாட்டிலை முழுதாகக் குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பழைய மூன்றடிக் குரல் திரும்பியிருந்தது.

"கேட்டுச்சா?"

"கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சுக்கா."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணில் வழிந்ததை வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டாள். டைரக்டர் வந்து, பென் டிரைவை எங்கள் எதிரிலேயே பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நாளைக்கும் இதே மாதிரிதாம்மா. எல்லார் வசனத்தையும் முதல்ல நீங்களே சொல்லிடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற கேப்டன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"சாரிக்கா. காலையில முதல் வேலையா அந்த ஸ்விட்ச மாத்திடறேன்" என்றேன்.

அக்கா குனிந்து செருப்பை மாட்டினாள்.

"ஸ்விட்ச்சுல கை வெச்சே, கொன்னுடுவேன். பேசறப்பவும் ஓடற மாதிரி, சத்தம் போடாத ஃபேனா பாத்து மாட்டிக் குடுடி."