ஸ்வப்னா காலியாக விட்ட இடம்

இறுதியாண்டு புராஜெக்ட் என்ற பெயரில் வகுப்பே உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஒரு குழு யமுனையைச் சுத்தம் செய்ய ஆப் எழுதியது. இன்னொரு குழு டெல்லியின் புகைமூட்டத்தை ஆப்பிலேயே கலைத்துவிட்டது. ஸ்வப்னா மட்டும் ஆறு மாதமாக இரண்டு வேரியபிள் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய பார்ட்னர் மாதவ், அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் முழுநேர வேலைதான்.

டிபக்கர் என்பது மற்ற புரோகிராம்களில் பிழை தேட உதவும் புரோகிராம். வேரியபிள் என்பது புரோகிராம் ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் இடம். டிபக்கரில் ஏதாவது ஒரு வேரியபிள் மீது வாட்ச்பாயிண்ட் வைத்தால், அதன் மதிப்பு மாறும்போதெல்லாம் ஓட்டத்தை நிறுத்தி, பழைய மதிப்பு இது, புதிய மதிப்பு இது என்று திரையில் காட்டும். காட்டுவதோடு சரி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஜிலேபி மாதிரி, கை வைக்க முடியாது. 'மதிப்பு குறைந்தால் மட்டும் நில்' என்று அவர்கள் கையிலிருந்த டிபக்கரிடம் சொல்ல வழியில்லை. ஸ்வப்னா அந்தக் கண்ணாடியைத் திறந்துவிட்டாள். பழைய மதிப்புக்கு டாலர் ஓல்ட், புதியதற்கு டாலர் நியூ என்று இரண்டு வேரியபிள். டிபக்கர் நிற்கும்போதெல்லாம் அதுவே இரண்டையும் நிரப்பி வைக்கும். அவற்றை வைத்து யாரும் என்ன நிபந்தனை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

கேட்க எளிதுதான். ஆனால் இரண்டு வாட்ச்பாயிண்ட் ஒரே சமயத்தில் நிறுத்தினால் யாருடைய பழசை வைப்பது? அடுத்த நிறுத்தம் வரை வைத்திருப்பதா, உடனே அழிப்பதா? இவற்றுக்கெல்லாம் மாதவுக்குப் பதில் தெரியாது. இப்படிக் கேள்விகள் இருப்பதே தெரியாது. ஸ்வப்னா நகத்தைக் கடித்துக்கொண்டு யோசிப்பாள். இரண்டு நாள் கழித்து, முந்தின நாள் எழுதியதில் பாதியை அழிப்பாள். அழித்த பிறகு அது இன்னும் நன்றாக ஓடும். மாதவ் எழுதிய புரோகிராம்களில் எதை அழித்தாலும் எல்லாமே நின்றுவிடும்.

ஒரு முறை அவன் கேட்டான். "புரோகிராம்ல ஒரு ஃபங்ஷன் தன் வேலைய முடிச்சா உள்ள இருக்கிற வேரியபிளே செத்துப் போகுதுல்ல. அப்ப டாலர் நியூவில என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"ஸீரோவா?"

"அரே, ஸீரோ ஒரு நம்பர். நான் சொல்றது காலி. அதை எதோட கம்பேர் பண்ணினாலும் பதில் 'இல்லை'தான். வேரியபிள் செத்துடுச்சுன்னா டிபக்கர் நிக்காம போயிட்டே இருக்கணும்."

டெல்லி துவாரகாவில் பிறந்து வளர்ந்தவள். தமிழைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பாள்.

சென்ற ரெவ்யூவில் பேராசிரியர் பத்மநாபன் அவர்களைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்திருந்தார். "ரெண்டு பேர் சேர்ந்து ரெண்டு வேரியபிளா? ஆளுக்கு ஒண்ணா? அடுத்த ரெவ்யூல எனக்கு இது எதுக்குன்னு புரியணும். இல்லேன்னா புது டாபிக், இன்னொரு செமஸ்டர்." பெங்களூரில் டிபக்கர் செய்கிற கம்பெனியொன்றில் ஸ்வப்னாவுக்கு ஜூலையில் வேலை காத்திருந்தது. இன்னொரு செமஸ்டர் என்றால் அது போய்விடும்.

ரெவ்யூ நாள் காலை. முனிர்கா டீக்கடையில் குல்லாயும் மஃப்ளருமாக உட்கார்ந்து மாதவ் கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்த்தான். விருதுநகர்க்காரனுக்கு டெல்லி ஜனவரி தனிப்பட்ட விரோதி. திரையில் எல்லாம் அழகாக வந்தது. ஓரிடத்தில் மட்டும் டாலர் நியூவுக்கு எதிரே ஒன்றுமில்லை.

எல்.கே.ஜி. முதல் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். பதில் தெரியாவிட்டாலும் கேள்வி எண்ணைப் போட்டு எதையாவது எழுது, காலியாக விடாதே. அதை நம்பித்தான் அவன் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் பாஸ் செய்தான். பத்மநாபன் சார் அந்தக் காலி இடத்தில் விரலை வைத்து என்ன கேட்பார் என்று நினைத்ததும் டீயைக் கீழே வைத்தான். புரோகிராமில் அந்த வரியைத் தேடிப் பிடித்து ஒரு பூஜ்ஜியம் போட்டான். பார்க்க நிறைவாக இருந்தது. ஸ்வப்னாவுக்குத் தானும் ஏதோ உதவி செய்துவிட்ட மாதிரி இருந்தது.

ரெவ்யூவில் அவர்களுக்கு முந்தைய முறை வகுப்புத் தோழன் சுந்தரேஷுடையது. கேமரா முகங்களை எண்ணி வருகைப்பதிவு செய்யும் ஆப். முந்தின வாரம் எடுத்த வகுப்பு வீடியோவை ஓட்டினான். முகங்களைச் சுற்றிப் பச்சைக் கட்டங்கள் மின்னின, இசையெல்லாம் வந்தது. கடைசியில் வந்த எண்ணிக்கையில்தான் ஒரு ஆள் குறைந்தது.

"மாடல் இன்னும் கத்துக்கிட்டிருக்கு சார்," என்றான் சுந்தரேஷ்.

"நன்னா கத்துக்கறது," என்றார் பத்மநாபன். பிறகு ஸ்வப்னா பக்கம் திரும்பினார். "உங்க சொந்த உதாரணம் எல்லாம் வேண்டாம். இவன் கணக்கு எங்கே குறையறதுன்னு கண்டுபிடி, பார்ப்போம்."

ஸ்வப்னாவின் முகம் மலர்ந்தது. ஆள் எண்ணிக்கை ஏறலாம், இறங்கக் கூடாது. அவள் பெஞ்ச் எண்ணிக்கையின் மீது வாட்ச்பாயிண்ட் வைத்தாள். டாலர் நியூ டாலர் ஓல்டைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் நில் என்று ஒரு நிபந்தனை எழுதி ஓடவிட்டாள்.

முதல் பெஞ்ச் முடிந்ததும் நின்றது. பழசு நான்கு, புதுசு பூஜ்ஜியம்.

"நின்னுடுத்தே," என்றார் பத்மநாபன். "இங்கேயா தப்பு?"

"இங்க எதுவும் தப்பா இல்லையே சார்," என்றான் சுந்தரேஷ், முதல் முறையாக உண்மையைச் சொல்லி.

ஸ்வப்னா திரையைப் பார்த்தாள். நின்ற இடம், ஒரு பெஞ்சை எண்ணும் ஃபங்ஷனின் கடைசி அடைப்புக்குறி. அந்த இடத்தில் யாரும் எதையும் கழிக்க முடியாது. எண்ணிக்கையை மேலே கொடுத்துவிட்டு வேரியபிள் செத்துப்போகும் இடம் அது. அவள் மெல்லத் திரும்பி மாதவைப் பார்த்தாள். மாதவ் மஃப்ளரைக் கண் வரை ஏற்றிக்கொண்டான்.

"சார், புதுசுல ஸீரோ வெச்சா இப்படித்தான் பொய்யா நிக்கும்," என்றாள். "ஒவ்வொரு பெஞ்சுக்கும் நிக்கும். இப்ப அதையே காலியா விட்டுக் காட்டறேன்."

முதலிலிருந்தே இப்படித்தான் காட்டத் திட்டமிட்டிருந்தவள் போல அந்த வரியைத் திறந்து பூஜ்ஜியத்தை அழித்தாள். அந்த மாற்றத்தோடு டிபக்கரை மறுபடி உருவாக்கக் கல்லூரிக் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. பத்மநாபன் ஒரு பிரெட் பக்கோடாவை முடித்தார்.

இந்த முறை முதல் பெஞ்ச் சத்தமில்லாமல் கடந்தது. நடு பெஞ்சுகளும் கடந்தன. கடைசி பெஞ்சில் நின்றது. பழசு இரண்டு, புதுசு ஒன்று. ஒரே முகம் இரண்டாம் முறை வந்தால் ஒன்றைக் கழி என்று சுந்தரேஷ் எழுதிய வரி. வீடியோவில் அந்த நொடியில் இரண்டு பேர் அருகருகே குல்லாய், மஃப்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆப்புக்கு இரண்டும் ஒரே ஆள்.

பத்மநாபன் திரைக்கு அருகே வந்து பார்த்தார். பிறகு மாதவைப் பார்த்தார்.

"கழிஞ்சது நீதானாடா?"

"ஆமா சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "போன மாசம் என் புரோகிராம் ஒண்ணுல வாட்ச்பாயிண்ட் வெச்சு ஒவ்வொரு தடவையும் நிறுத்தி நிறுத்தி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன்மா. மதிப்பு ஏறினதுக்கெல்லாம் நின்னுது." ஸ்வப்னாவைப் பார்த்துச் சொன்னார். "புரிஞ்சுது. பாஸ். ஆனா அந்தக் காலிய எப்படி யோசிச்சே?"

"அங்க நெஜமாவே ஒண்ணும் இல்ல சார்," என்றாள் ஸ்வப்னா.

வெளியே வந்ததும் அவள் மாதவின் மஃப்ளரைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"ஸீரோ எதுக்குடா போட்டே?"

"காலியா இருந்தா மார்க் போயிரும்னு."

"எக்ஸாம் பேப்பரா அது?"

"சாரி. ஆனா ஒண்ணு சொல்லட்டா? ஆறு மாசமா பாக்கேன். உன்ன மாதிரி யோசிக்கிற ஆள நான் பாத்ததே இல்ல. பெங்களூர் போனப்புறம் என்கூடப் பேசுவியா?"

ஜல்தி வா, பசிக்கிறது என்று ஸ்வப்னா கேன்டீன் பக்கம் நடந்தாள்.

மாதவ் பின்னாலேயே போனான். அவள் பதில் சொல்லாமல் காலியாக விட்ட இடத்தில் அவன் பூஜ்ஜியம் போட்டுக்கொள்ளவில்லை.